ஏழு மாதமாக மூடியே இருக்கும் கை: ரோபோ பயிற்சிக்கு மலை இறங்கிப் போகலாமா?

கோத்தகிரி மகள் | அக்டோபர் 6, இரவு 9.10

வணக்கம். இங்கே முதல் முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் படுகர் ஊரில், ஒன்றரை ஏக்கர் தேயிலை. நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை. மார்ச் முதல் வாரம், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. நாங்கள் எல்லோரும் தோட்டத்தில் இருந்தோம். பார்த்து, வண்டி பிடித்து, மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய்ச் சேர்வதற்குள் நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாமல் போனது.

கால் தேறிவிட்டது. தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறார். யாராவது கூட இருந்தால் தோட்டத்து மேடு வரை வருவார். பேச்சு முதல் இரண்டு மாதம் குழறியது, இப்போது நிதானமாகப் பேசுகிறார். கைதான் அப்படியே நிற்கிறது. நெஞ்சு உயரம் வரை தூக்குவார். தூக்கும்போதே முழங்கை மடங்கி, விரல்கள் இறுக மூடிக்கொள்கின்றன. வெதுவெதுப்பான நீரில் நனைத்து நீவிவிட்டால் கட்டைவிரல் மட்டும் வெளியே வரும். விடியற்காலைக் குளிரில் அந்தக் கையைப் பிரிப்பதே பெரும்பாடு.

போன வாரம் கோவையில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். ரோபோ கருவியில் வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 அமர்வு என்றார்கள். ஓர் அமர்வுக்கு 900 ரூபாய். தங்குவதும் சாப்பாடும் தனி. தம்பி எப்படியாவது போயே ஆக வேண்டும் என்கிறான். சித்தப்பா, ஆறு மாதம் தாண்டினால் வந்தது வந்ததுதான், வீண் செலவு என்கிறார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அந்த மிஷின் என்னைத் தலைப்பட்டு கட்ட வைக்குமா?"

தலைப்பட்டு என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் தலையில் கட்டும் வெள்ளைத் துணி. ஏழு மாதமாக அதை நான்தான் கட்டிவிடுகிறேன். நான் கட்டினால் அவருக்கு ஒரு நாளும் திருப்தி இல்லை.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

குன்னூர் பிசியோ | அக்டோபர் 6, இரவு 10.45

நல்ல கேள்வியை உங்கள் அம்மாதான் கேட்டிருக்கிறார். ரோபோ வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்வதற்கு முன் நீங்கள் சில விஷயங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மாவை மேசை அருகே உட்கார வைத்து, முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விடுங்கள். நீங்கள் தொடாமல், அவராகவே மணிக்கட்டை மேலே தூக்க முடிகிறதா? விரல் நுனி கொஞ்சமாவது நிமிர்கிறதா? ஒரு நெல்மணி அளவு அசைந்தாலும் எனக்கு அது செய்திதான். அடுத்து, கண்ணை மூடச் சொல்லி எந்த விரலைத் தொடுகிறீர்கள் என்று கேளுங்கள். தோளில் வலி உண்டா, தோள் மூட்டில் ஒரு விரல் நுழையும் அளவு பள்ளம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

ஆறு மாதக் கணக்கைப் பற்றி உங்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: முதல் மூன்று மாதம் மூளை தானாகவே நிறைய மீட்டுக்கொள்ளும், அது உண்மை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடுவதில்லை. உழைத்தால் நகரும், உழைக்காவிட்டால் நிற்கும், அவ்வளவுதான். பயிற்சி ஆய்வுகள் பலவற்றில் வாதம் வந்து ஒரு வருடம், இரண்டு வருடம் கடந்தவர்களும் முன்னேறியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் இன்றே நிறுத்துங்கள். வீட்டில் பந்து கொடுத்து அமுக்கச் சொல்கிறீர்கள் என்றால், வேண்டாம். ஏற்கெனவே மூடிக்கொள்ளும் கைக்கு மூடுவதையே பழக்குகிறோம். அவருக்குத் தேவை திறப்பது.

---

கூடலூர் டிரைவர் | அக்டோபர் 7, காலை 6.20

தங்கச்சி, நான் பட்டவன், அதனால் சொல்கிறேன். எனக்கு இடது கை. இரண்டு வருடம் முன்பு வந்தது, அப்போது வயது 48. லாரி ஓட்டியவன்.

சமவெளியில் ஒரு மையத்தில் "ரோபோ சிகிச்சை" என்று பலகை வைத்திருந்தார்கள். 15 நாள் போனேன். அங்கே இருந்தது ஒரு கையுறை. காற்றை அடைத்தால் விரல் மடங்கும், காற்றை விட்டால் விரிவதற்கு இழுக்கும். மாட்டிவிட்டு அந்தப் பையன் போய்விடுவான். அரை மணி நேரம் கையுறை என் கையைத் திறந்து மூடும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். யாரும் என்னை முயற்சி செய் என்று சொல்லவில்லை. 15-ஆம் நாள் வீட்டுக்கு வந்து தம்ளரை எடுக்கப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. மனைவியின் காதுத் தோட்டை அடகு வைத்த காசு அது. இப்போதும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

கேட்டுவிட்டுப் போங்கள். மிஷின் எது, பக்கத்தில் ஆள் இருப்பார்களா என்று கேளுங்கள்.

---

பட்டறைப் பொறியாளர் | அக்டோபர் 7, மதியம் 1.30

கூடலூர் அண்ணனுக்கு நடந்ததுதான் இந்த விஷயத்தின் மையம். நான் மருத்துவன் இல்லை. மறுவாழ்வுக் கருவி செய்யும் ஒரு குழுவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். சொந்த ஊர் அரவங்காடு.

ரோபோ என்றதும் தொழிற்சாலையில் கார் உடம்பைப் பற்றவைக்கும் இரும்புக் கை நினைவுக்கு வரும். அது முரட்டுத்தனமானது. சொன்ன இடத்துக்குப் போயே தீரும், குறுக்கே எது இருந்தாலும் சரி. நோயாளியின் கையை அப்படிப்பட்டதிடம் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன், ஹெர்மானோ கிரெப்ஸ் குழு 1990-களில் செய்த மேனஸ் என்ற கருவி வேறு மாதிரி. நீங்கள் தள்ளினால் அது விட்டுக்கொடுக்கும். திரையில் ஒரு புள்ளி தெரியும், அதை நோக்கி நீங்கள் கையை நகர்த்த வேண்டும். நீங்கள் போய்க்கொண்டிருந்தால் அது சும்மா கூட வரும். வழி விலகினால் மெதுவாகத் திருப்பும். நின்றுவிட்டால் கொஞ்சம் காத்திருந்து பிறகு உதவும். சைக்கிள் பழகும் பிள்ளையின் சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறோமே, அது போல. பிள்ளை மிதித்தால்தான் பழகும். பிடித்திருக்கும் கை தளர்ந்துகொண்டே வர வேண்டும்.

அந்தக் காற்றுக் கையுறை செய்தது, பிள்ளையைச் சீட்டில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே போனது. மூட்டு இறுகாமல் இருக்க அதுவும் பயன்படும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூளை "நான் திற என்று சொன்னேன், திறந்தது" என்ற தொடர்பைக் கற்றுக்கொள்ள, முதலில் அது சொல்ல வேண்டும். இணையத்தில் மலிவாக விற்கும் கையுறைகளில் பெரும்பாலானவை நீங்கள் முயல்கிறீர்களா இல்லையா என்று பார்ப்பதே கிடையாது.

நம்மூர்ச் செய்தி ஒன்றும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து புளூட்டோ என்ற கைப்பயிற்சிக் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு மோட்டார், மாற்றி மாற்றிப் பொருத்தும் கைப்பிடிகள். மணிக்கட்டை மடக்கி நீட்ட ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, கையைத் திறந்து மூட ஒன்று. மேசைமேல் வைக்கலாம். எட்டு மோட்டார் வைத்துக் கோடிக்கணக்கில் விலை வைக்காமல் இப்படி யோசித்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மலைப்பகுதி மருத்துவமனைக்குள் நுழையக்கூடியது இந்த மாதிரிக் கருவிதான்.

---

கோத்தகிரி மகள் | அக்டோபர் 7, இரவு 8.55

எல்லோருக்கும் நன்றி. கூடலூர் அண்ணா, உங்கள் பதிவைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

பிசியோ சார், நீங்கள் சொன்னபடி மேசை விளிம்பில் பார்த்தேன். முதல் தடவை ஒன்றும் இல்லை. அப்புறம் அம்மா மூச்சைப் பிடித்து முயன்றபோது மணிக்கட்டு ஒரு அங்குலம் எழுந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் லேசாக நிமிர்ந்தன. ஏழு மாதத்தில் இப்படிப் பார்க்கவே தோன்றாமல் போய்விட்டது எனக்கு. தொடுவது எல்லா விரலிலும் தெரிகிறது, சுண்டுவிரலில் மட்டும் மங்கலாக. தோள் வலி உண்டு, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பினால் முனகுவார். பள்ளம் அரை விரல் இருக்கும்.

பந்தை எடுத்து வைத்துவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உத்திரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து இந்தக் கையைத் தூக்குகிறார், தினமும் நூறு தடவை.

---

குன்னூர் பிசியோ | அக்டோபர் 7, இரவு 9.30

கப்பியைக் கழற்றிவிடுங்கள். இன்று ராத்திரியே. தளர்ந்த தோளைக் கயிற்றால் தலைக்கு மேல் இழுத்தால் மூட்டுக்குள் நசுங்கும், வலி கூடும். நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் இதைத்தான் பார்க்கிறேன், மனது கேட்கவில்லை. எழுப்பும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது. உட்காரும்போது முன்கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள், தோள் தொங்காமல் இருக்கட்டும்.

மணிக்கட்டு ஓர் அங்குலம் எழுந்தது என்றீர்களே, அதைப் படித்துவிட்டு நான் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். அது பெரிய விஷயம் அம்மா. அந்த ஓர் அங்குலம் இருப்பதால்தான் உங்கள் தாயாருக்குப் பயிற்சி பிடிக்கும் என்று நம்புகிறேன்.

இப்போது கருவியின் உண்மையான பலத்தைச் சொல்கிறேன். எண்ணிக்கை. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்கா, கனடா மையங்களில் வழக்கமான சிகிச்சை அமர்வில் நோயாளி கையால் எத்தனை தடவை ஒரு செயலைச் செய்கிறார் என்று உட்கார்ந்து எண்ணினார்கள். சராசரி 32. விலங்குகளில் மூளை மாறிய சோதனைகளில் ஒரு நாளைக்குச் சில நூறு தடவை செய்ய வைத்திருந்தார்கள். 32 எங்கே, நூற்றுக்கணக்கு எங்கே! என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு எவ்வளவு செய்ய முடியும்? என் கையும் ஓய்ந்துவிடும். மேனஸ் போன்ற கருவியில் ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ ஆயிரம் அசைவு வரும். கருவி சலிக்காது.

---

லவ்டேல் வாத்தியார் | அக்டோபர் 8, மாலை 5.15

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். என் அண்ணனுக்காக இதையெல்லாம் தேடிப் படித்தவன். எண்ணிக்கை கூடினால் கை வந்துவிடும் என்றால், 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வை என்ன செய்வது? 770 பேர். மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு அதே மேனஸ் ரோபோ, ஒரு பிரிவுக்கு அதே நேரம் சிகிச்சையாளரே தரும் கூடுதல் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முக்கால் மணி நேரம், வாரம் மூன்று நாள், 12 வாரம். முடிவில் பொருளை எடுத்து வைக்கும் திறனில் ரோபோ பிரிவு வழக்கமான கவனிப்பை மிஞ்சவில்லை.

ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பம். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவர்களை 27,000 ரூபாயும் தங்கும் செலவும் கொடுத்து இறங்கிப் போகச் சொல்வதற்கு முன் இதையும் சொல்ல வேண்டாமா?

---

குன்னூர் பிசியோ | அக்டோபர் 8, இரவு 10.20

சொல்லத்தான் வேண்டும் வாத்தியாரே. நீங்கள் சொன்னது சரியான ஆய்வு, சரியான முடிவு. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. 2010-இல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் 127 பேரை வைத்து நடந்த ஆய்வில், 12 வாரத்தில் 36 அமர்வு கொடுத்தார்கள். வாதம் வந்து பல காலம் ஆனவர்கள். 12 வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 36 வாரத்தில் பார்த்தபோது ரோபோ பிரிவு வழக்கமான கவனிப்பைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. ஆனால் மனிதர்களே அதே தீவிரத்தில் கொடுத்த பயிற்சியை அது மிஞ்சவில்லை. அப்புறம் 2018-இல், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்பு, 45 ஆய்வு, 1,619 பேர். கருவிப் பயிற்சியால் கையின் இயக்கமும் பலமும் அன்றாட வேலைத் திறனும் கூடுகின்றன என்றது.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டுவது போலத் தெரியும். எனக்கு இருபது வருடத்தில் புரிந்ததைச் சொல்கிறேன். கருவி எதைப் பழக்குகிறதோ அது வருகிறது. மேசைமேல் கையை முன்னும் பின்னும் தள்ளப் பழக்கினால் அது நன்றாக வரும். அந்தத் தள்ளல் தானாக நடந்து போய்த் தம்ளரை எடுத்துவிடாது. தம்ளரை எடுக்க விரல் தம்ளரின் அகலத்துக்குத் திறக்க வேண்டும், கனத்தை உணர்ந்து பிடிக்க வேண்டும், வாய்க்குக் கொண்டு வரும்போது முன்கை திரும்ப வேண்டும். அப்புறம் வைத்துவிட்டு விடவும் வேண்டும். விடுவதுதான் எங்கள் ஆட்களுக்குக் கடைசியாக வருவது. கருவி கொடுத்த அசைவை அன்றைக்கே ஒரு வேலையில் போட வேண்டும். காலையில் கருவியில் மணிக்கட்டு எழுந்ததா, மதியம் அந்த மணிக்கட்டால் கதவைத் தள்ளட்டும். இதைச் செய்யாத இடத்தில் ரோபோவும் சரி, நானும் சரி, பலன் தரமாட்டோம்.

ஆகவே கோவை மருத்துவமனையிடம் கேட்க வேண்டியது, "கருவிக்கு அப்புறம் என்ன செய்வீர்கள்?" அமர்வில் பாதி நேரம் கருவி, மீதி நேரம் அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சையாளர் அம்மாவை வேலை செய்ய வைப்பார் என்று சொன்னால் போங்கள். மிஷினில் மாட்டிவிட்டு அனுப்பிவிடுவோம் என்றால் அந்தக் காசைச் சேமியுங்கள், நானே வந்து சொல்லித் தருகிறேன். அந்தக் கருவி விரலுக்கா தோளுக்கா என்பதும் முக்கியம். உங்கள் அம்மாவுக்குத் தேவை மணிக்கட்டும் விரலும்.

மருத்துவரிடம் விரல் இறுக்கத்துக்கு போட்டுலினம் ஊசி பற்றியும் கேளுங்கள். மூடும் தசைகளைச் சுமார் மூன்று மாதம் தளர்த்தி வைக்கும். அந்த மூன்று மாதத்துக்குள் திறக்கும் தசைகளுக்கு வேலை கொடுத்துவிட வேண்டும்.

---

லவ்டேல் வாத்தியார் | அக்டோபர் 9, காலை 7.05

ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியோடு போகட்டும். என் அண்ணனுக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை.

---

குந்தா நர்ஸ் | அக்டோபர் 9, இரவு 9.40

மஞ்சூர் பக்கம் லைன் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பவள் நான். தாத்தா பாட்டி காலத்தில் இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட்டில் குடியேறிய குடும்பங்கள். இங்கே கோவை போக முடிகிறவர்கள் குறைவு. அவர்களுக்கு நான் சொல்வதை அக்காவுக்கும் எழுதுகிறேன், போனாலும் போகாவிட்டாலும் உதவும்.

குளிர் முதல் எதிரி. காலை எட்டு மணிக்கு முன் இறுகிய கையோடு மல்லுக்கட்டாதீர்கள். வெயில் வந்ததும் கையை வெயிலில் வைத்து, கம்பளி உறை போட்டு, சூடேறிய பிறகு தொடங்குங்கள். வெந்நீரை எப்போதும் நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே வையுங்கள். சுண்டுவிரல் மங்கல் என்றீர்கள். அடுப்புக் கணப்பில் கையை நீட்டி, தெரியாமலேயே கொப்புளம் வந்த இரண்டு பேருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் வேலை. முறத்தில் அவரைக்காயைப் போட்டு உரிக்கச் சொல்லுங்கள். செயலிழந்த கை காயை அமுக்கிப் பிடிக்கட்டும், நல்ல கை உரிக்கட்டும். ஒரு வாரம் கழித்து மாற்றுங்கள். கொழுந்து பறித்த கைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேரும் இடம் நன்றாக நினைவிருக்கும். நான் பார்த்த ஒரு அம்மா, ஸ்பூனைப் பிடிக்க முடியாதவர், தேயிலைச் செடி முன்னால் நிறுத்தியதும் இரண்டு இலையும் மொட்டும் கிள்ளிவிட்டார். நானே அழுதுவிட்டேன்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து பிசியோ தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நாளைக்கே கொடுங்கள்.

---

பட்டறைப் பொறியாளர் | அக்டோபர் 9, இரவு 11.00

கண்ணாடிப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டப்பட்ட கையில் வலி இருப்பதாக உணர்ந்தவர்களுக்காக 1990-களில் கண்டுபிடித்த வழி. பிறகு பக்கவாதத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கைக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கை திறப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மறைந்திருக்கும் கையையும் திறக்க முயல வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி போதும்.

---

கோத்தகிரி மகள் | டிசம்பர் 14, இரவு 8.30

இரண்டு மாதம் எழுதவில்லை. போய்விட்டு வந்தோம். யாருக்காவது பயன்படும் என்று முழுவதும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டோம். முதலில் பார்த்த இடத்தில் சரியான பதில் வரவில்லை. இரண்டாவதாகக் கேட்ட இடத்தில் அரை மணி கருவி, அரை மணி வேலைப் பயிற்சி என்றார்கள். அங்கேயே சேர்ந்தோம். தங்கியது காரமடையில் பெரியம்மா வீட்டில், பேருந்தில் போய்வந்தோம். அந்த வெப்பத்திலேயே அம்மாவின் கை பாதி இளகிவிட்டது. ஊசியும் போட்டார்கள். நாங்கள் 20 அமர்வுதான் முடித்தோம், கையில் அவ்வளவுதான் இருந்தது.

முதல் நாள் அம்மா பயந்தார். கையைக் கைப்பிடியில் வைத்து வார் கட்டியதும் என்னைத்தான் பார்த்தார். திரையில் ஒரு கூடை, மேலிருந்து பழம் விழும், மணிக்கட்டைத் தூக்கினால் கூடை நகரும். முதல் நாள் பெரும்பாலும் கருவிதான் தூக்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். அவராக எழுப்பியது 11 தடவை. மதியம் வந்து படுத்தவர் சாயங்காலம் வரை எழவில்லை. அசதி கையில் இல்லை, தலைக்குள் இருக்கிறது என்றார். இரண்டாம் வாரம் ஒரு நாள் போகவே மாட்டேன் என்று அழுதார். அன்று விட்டுவிட்டோம்.

நான்காவது வாரம் அவராகச் செய்தது 200-ஐத் தாண்டியது. கருவி எவ்வளவு உதவியது என்று திரையில் ஒரு கோடு காட்டும், அது இறங்கிக்கொண்டே வந்தது. பொறியாளர் அண்ணா சொன்ன சைக்கிள் சீட்டு நினைவுக்கு வந்தது எனக்கு. அங்கிருந்த சிகிச்சையாளர் பெண் அம்மாவிடம் என்ன செய்ய ஆசை என்று முதல் நாளே கேட்டார். தலைப்பட்டைச் சொன்னதும், மறுநாளிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து அதன் முனையைப் பிடிக்க, விட, மறுபடி பிடிக்க வைத்தார்.

நல்லதையே எழுதினால் ஏமாற்றுவது போலாகும். மேலே வந்த முதல் வாரம் கை மறுபடி இறுகிவிட்டது. நவம்பர் கடைசி, பனி. கோவையில் திறந்த கை இங்கே பாதிதான் திறந்தது. அம்மா யாரிடமும் பேசவில்லை. குந்தா அக்கா சொன்னபடி வெயில் வரும் வரை காத்திருந்து, கம்பளி உறை போட்டு, அப்புறம் முறத்தைக் கையில் கொடுத்தேன். பத்து நாள் ஆனது பழைய இடத்துக்கு வர. இப்போது வீட்டுக்குப் பிசியோ வருகிறார், மாதம் இரண்டு தடவை. மீதி நாள் நாங்களே.

இன்றைய நிலை: மணிக்கட்டு நன்றாக எழுகிறது. நான்கு விரலும் ஒரு தம்ளர் அகலத்துக்குத் திறக்கின்றன, வெறும் தம்ளரை எடுத்து வைக்கிறார். காபி ஊற்றினால் முடியாது. கதவுத் தாழ் தள்ளுகிறார். சோற்றைப் பிசைய வரவில்லை, இடது கையில்தான் சாப்பிடுகிறார், அது அவருக்கு மனக்கஷ்டம். எழுத்து வரவில்லை. தோள் வலி கப்பியைக் கழற்றிய பிறகு நன்றாகக் குறைந்தது.

---

கூடலூர் டிரைவர் | டிசம்பர் 14, இரவு 9.15

படித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன் தங்கச்சி. பிசியோ சார், நான் உங்களைப் பார்க்க வரலாமா? இரண்டு வருடம் ஓடிவிட்டது. மேசை விளிம்பில் வைத்துப் பார்த்தேன், மணிக்கட்டும் எல்லா விரலும் கொஞ்சம் எழுகின்றன. ஆனாலும் எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்து பழகிவிட்டேன்.

---

குன்னூர் பிசியோ | டிசம்பர் 15, காலை 6.50

அவசியம் வாருங்கள். நீங்கள் சொல்வது கை அசையாததால் வந்த ஒதுக்கம் இல்லை, ஒதுக்கியே பழகிய ஒதுக்கம். அதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மற்றக் கையையே வேலை செய்ய வைப்பது, இரண்டு வாரம். எட்வர்ட் டாப் என்பவர் வகுத்தது. 2006-இல் 222 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் பலன் தெளிவாகவே தெரிந்தது, ஒரு வருடம் கழித்தும் நின்றது. மணிக்கட்டும் விரலும் ஓரளவு எழுபவர்களுக்குத்தான் பொருந்தும், அதனால்தான் நேரில் பார்க்க வேண்டும். நீங்களாக வீட்டில் கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள், படி இறங்கும்போது பிடிக்கக் கை வேண்டும்.

இதற்கு ரோபோ தேவையில்லை. ஒரு அடுப்படிக் கையுறையும் உங்கள் மனைவியின் பொறுமையும் போதும். திங்கள் கிழமை பத்து மணிக்கு வாருங்கள், கூடலூரிலிருந்து முதல் பேருந்தில் அவசரப்பட்டு ஏற வேண்டாம்.

---

குந்தா நர்ஸ் | ஜனவரி 11, மாலை 6.00

கோத்தகிரி அக்கா, ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு அம்மா போனார்களா? பட்டு என்ன ஆச்சு?

---

கோத்தகிரி மகள் | ஜனவரி 11, இரவு 9.25

பேரகணிக்குப் போனோம் அக்கா. காலையில் கட்டிலில் உட்கார்ந்து தானே கட்டுகிறேன் என்றார். நான் பக்கத்தில் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடது கையால் பட்டை நெற்றியில் வைத்து, ஒரு முனையை வலது கையில் கொடுத்தார். வலது கை பிடித்தது. இடது கை சுற்றிக்கொண்டு வந்து முடிச்சுக்குள் நுழைக்கும் வரை பிடித்தே இருந்தது. இரண்டு தடவை நழுவியது. தம்பி வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தான். முடிச்சு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நான் கையை நீட்டினேன், "தொடாதே" என்றார்.

அடுத்து சோறு பிசைவது. தம்ளருக்குக் காபியும் வேண்டும் என்கிறார். பிசியோ சார், தம்ளரைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப் சுற்றினால் வழுக்காது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். டியூபை ஒரு சுற்று சுற்றினால் போதுமா, இரண்டா?

---

குன்னூர் பிசியோ | ஜனவரி 11, இரவு 10.05

இரண்டு சுற்று. தம்ளரில் முதல் வாரம் கால் பங்கு தண்ணீர், சூடாக எதுவும் வேண்டாம்.